மூன்றும் எட்டும்

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கும் ஒரு பையனையும், அதே வயதுள்ள ஒரு பெண்பிள்ளையையும் கற்பனை செய்துகொள்வோம். பையன் மாதத்துக்கு ஒருமுறை கூட்டாளிகளோடு சேர்ந்து கேரள கஞ்சா புகைக்கிறான். வீட்டுக்குத் தெரியாது. கூட்டாளிகளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. பெண்பிள்ளை போன மாதம் ஒரேயொரு தடவை அதே கஞ்சாவை இழுத்துப் பார்த்தாள். அக்காவுக்குத் தெரியவந்தது. அக்கா அழுது, பேசி, அம்மாவிடமும் சொல்லிவிட்டாள்.

இருவரிடமும் உலக சுகாதார நிறுவனத்தின் ‘அசிஸ்ட்’ வினாக்கொத்தைக் கொடுத்துப் புள்ளி போடுவோம். கடந்த மூன்று மாதத்தில் எத்தனை தடவை என்ற கேள்விக்கு மாதம் ஒருமுறை என்றால் 3 புள்ளி, ஓரிரு தடவை என்றால் 2 புள்ளி. நண்பரோ உறவினரோ வேறு யாருமோ இதைப் பற்றிக் கவலை தெரிவித்தார்களா என்ற கேள்விக்கு, கடந்த மூன்று மாதத்துக்குள் என்றால் 6 புள்ளி. மற்றக் கேள்விகளுக்கு இருவரும் ‘இல்லை’ என்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் பையனுக்கு 3, பெண்பிள்ளைக்கு 8.

இந்த வினாக்கொத்தில் கஞ்சாவுக்கு 0 முதல் 3 வரை குறைந்த ஆபத்து, 4 முதல் 26 வரை நடுத்தர ஆபத்து, 27ம் அதற்கு மேலும் உயர்ந்த ஆபத்து. ஆக, மாதாமாதம் புகைப்பவன் ‘குறைந்த ஆபத்து’ வரிசையில் நிற்கிறான். ஒருமுறை இழுத்தவள் ஆலோசனை தேவைப்படும் ‘நடுத்தர ஆபத்து’ வரிசைக்குப் போகிறாள். கணக்கில் பிழை இல்லை. இப்படி இருநூறு பேரின் புள்ளிகளைக் கணினிக்குள் இட்டு, ‘பாவிப்பவர்களுள் பெண்களின் தீவிரம் ஆண்களைவிட அதிகம்’ என்று எழுதினால் புள்ளிவிபரவியலும் அதை ஆமோதிக்கும். அந்த வாக்கியம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறதா, அக்காமாரைப் பற்றிச் சொல்கிறதா என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

தீவிரம் என்பது எந்த அளவு?

ஒருவர் போதைப்பொருள் பாவிக்கிறாரா என்பதும், அந்தப் பாவனை எவ்வளவு தீவிரம் என்பதும் இரண்டு வேறு கேள்விகள். முதலாவதை ஓரளவு உடலிலேயே பார்க்கலாம். சிறுநீரிலோ தலைமயிரிலோ தடயம் இருக்கும். இரண்டாவதற்கு ஆய்வுகூடச் சோதனை கிடையாது. ஆசை கட்டுக்குள் இருக்கிறதா, படிப்பு கெட்டதா, விட முயன்று முடியாமல் போனதா என்பவற்றை இரத்தத்தில் தேடமுடியாது. கேட்டுத்தான் அறியவேண்டும்.

இங்கே பேசப்படும் கேட்கும் முறைகள் 1980கள் முதல் உருவானவை. 1980களில் உலக சுகாதார நிறுவனம் மதுவுக்கென்று பத்துக் கேள்விகள் கொண்ட ‘ஓடிற்’ என்ற வினாக்கொத்தைத் தயாரித்தது. நோர்வே, ஆஸ்திரேலியா, கென்யா, பல்கேரியா, மெக்சிகோ, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் தரவுகள் அதற்கு அடிப்படை. 1997 முதல் அதே நிறுவனத்தின் கீழ் புகையிலை, மது, கஞ்சா, மெதம்பெட்டமைன் போன்ற தூண்டிகள், தூக்க மாத்திரைகள், ஹெரோயின் வகை எல்லாவற்றையும் ஒரே இருப்பில் கேட்கும் எட்டுக் கேள்விகளாக ‘அசிஸ்ட்’ உருவானது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரச் சிறுவர் வைத்தியசாலையில் ஜோன் நைட் என்ற வைத்தியரும் சகாக்களும் 1999ல் கட்டிளமைப் பருவத்தினருக்கென்றே ஆறு கேள்விகள் கொண்ட ‘கிராஃப்ற்’ முறையை வெளியிட்டார்கள். அதில் இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் மேலதிகமாகப் பரிசோதிக்கவேண்டும்.

உளமருத்துவரின் நோயறிதல் வேறு வழியில் போகிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013ல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேடு பதினொரு அறிகுறிகளை வரிசைப்படுத்துகிறது. இரண்டு மூன்று இருந்தால் இலேசு, நான்கைந்து இருந்தால் நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் தீவிரம். முந்தைய பதிப்பில் இருந்த ‘சட்டச் சிக்கல்’ என்ற அறிகுறியை இந்தப் பதிப்பில் நீக்கிவிட்டு, ‘ஆசை மேலிடுதல்’ என்பதைச் சேர்த்தார்கள். இந்த மாற்றம் நம் விஷயத்துக்கு முக்கியம். பொலிஸ் பிடிப்பதும் பிடிக்காமல் விடுவதும் ஒருவருடைய நோயின் அளவல்ல, அவர் வாழும் தெருவின் நிலைமை என்பதை அந்த நீக்கம் ஒத்துக்கொள்கிறது.

ஆனால் இவற்றிற் பெரும்பாலானவை வளர்ந்தவர்களை மனதில் வைத்து ஆக்கப்பட்டவை. போதைக்கு உடல் பழகி, அதே மயக்கத்துக்குக் கூடுதலாகத் தேவைப்படுவதை நாற்பது வயதுக்காரரிடம் கண்டால் அது நெடுநாள் பாவனையின் அடையாளம். பதினாறு வயதில், குடிக்கத் தொடங்கிய சில மாதங்களுக்குள் எவரும் ‘முன்னையைவிடக் கூடக் குடித்தால்தான் ஏறுகிறது’ என்று சொல்லக்கூடும். அது பழகும் கட்டத்தின் இயல்பான நிகழ்வு. மறுபுறம், நிறுத்தினால் கைநடுங்கும் விடுபடல் அறிகுறிகள் இந்த வயதில் அரிது, ஏனென்றால் அதற்குப் பல ஆண்டுகள் தேவை. ஒரு அறிகுறி மிக இலகுவாக ‘ஆம்’ பெறுகிறது. இன்னொன்று பெரும்பாலும் பெறுவதேயில்லை. ஓரிரு அறிகுறிகள் இருந்தும் எந்த நோயறிதலுக்குள்ளும் அகப்படாமல் விடுபடும் இளையோரை அமெரிக்க ஆய்வாளர்கள் 1990களில் ‘நோயறிதலின் அநாதைகள்’ என்று அழைத்தார்கள். ‘அசிஸ்ட்’ முறைக்கும் பின்னர் 10 முதல் 14 வயதுக்கு ஒன்றும், 15 முதல் 17 வயதுக்கு ஒன்றுமாக இளையோர் பதிப்புகள் செய்யவேண்டி வந்தது. வளர்ந்தவர்களின் வெட்டுப்புள்ளி பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

கேள்விக்கும் ஊர் உண்டு

குடாநாட்டுக்கு இந்தக் கேள்விகள் வரும்போது இன்னும் சில முடிச்சுகள் விழுகின்றன.

மது வினாக்கொத்துகள் ‘நியம அளவு’ என்ற ஒன்றைக் கேட்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது 10 கிராம் தூய அற்ககோல். தவறணையில் விற்கும் பனங்கள்ளின் வலு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. புளிக்கப் புளிக்க ஏறும். 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் ஏறத்தாழ 30 கிராம் அற்ககோல், அதாவது மூன்று நியம அளவு. பிளாவில் குடித்தவன் எத்தனை அளவு குடித்தான் என்பதை அவனே அறியான். கசிப்பு என்றால் கணக்குப் போடவே வழியில்லை.

மாவாவின் சிக்கல் வேறு. பாக்கும் புகையிலையும் கலந்து பொட்டலமாக வரும் இதைப் பாவிக்கும் பையன் அதைப் பாக்கு வகையில்தான் சேர்ப்பான். ‘கடந்த மூன்று மாதத்தில் புகையிலை பாவித்தாயா?’ என்று கேட்டால், மனம் அறிந்து பொய் சொல்லாமலே ‘இல்லை’ என்பான். பாக்கு தனியாகவும் பழக்கத்துக்கு அடிமையாக்கும் பொருள்தான். புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ல் முடிவு செய்தது. ஆனால் வெளிநாட்டில் ஆக்கிய பட்டியலில் பாக்குக்குத் தனி வரி இல்லை. புகையிலை சேர்ந்த மெல்லும் கலவைகளை இலங்கை 2016ல் தடைசெய்த பிறகு, பெயரைச் சொல்வதிலும் தயக்கம் சேர்ந்துகொண்டது.

‘கிராஃப்ற்’ முறையின் முதற் கேள்வி, போதையில் இருந்த ஒருவர் ஓட்டிய காரில் ஏறியிருக்கிறாயா என்பது. இங்கே அதை மோட்டார் சைக்கிள் என்று மாற்றலாம். மாற்றியபின் யார் ‘ஆம்’ சொல்வார்கள்? கூட்டாளியின் பின்னால் ஏறிய பையனும் சொல்வான். தவறணையால் வந்த அப்பாவின் பின்னால் ரியூசனுக்குப் போன பதின்மூன்று வயதுப் பிள்ளையும் சொல்வாள். அவள் வாழ்நாளில் ஒரு துளி குடித்தவள் அல்லள். அந்த ஒரு புள்ளி அவளுடைய ஆபத்தைச் சரியாகத்தான் சொல்கிறது. அவளுடைய பாவனையை அது சொல்லவில்லை.

இவ்வாறு ஒரே தீவிரமுள்ள இருவரிடம் ஒரு கேள்வி வெவ்வேறாக நடந்துகொள்வதை அளவையியலாளர்கள் ‘கேள்வியின் வேறுபட்ட தொழிற்பாடு’ என்பார்கள். தராசில் பெண்கள் ஏறும்போது மட்டும் ஆறு கிலோ கூடக் காட்டினால், பெண்கள் பாரமானவர்கள் என்று நாம் எழுதமாட்டோம், தராசைத் திருத்துவோம். ஆனால் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் ஆறு புள்ளி கண்ணுக்குத் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. டென்மார்க்கின் கணிதவியலாளர் கேயோர்க் ராஷ் 1960ல் வெளியிட்ட நூலில் ஒரு எளிய நிபந்தனை வைத்தார்: ஒருவருடைய நிலையும் கேள்வியின் கடினமும் மட்டுமே விடையைத் தீர்மானிக்கவேண்டும், விடை சொல்பவர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பது குறுக்கே வரக்கூடாது. சோதிக்கும் விதம் இது. ஐயத்துக்குரிய கேள்வியை ஒதுக்கிவிட்டு, மற்றக் கேள்விகளில் ஒரே புள்ளி பெற்ற பையன்களையும் பெண்பிள்ளைகளையும் பக்கம் பக்கமாக நிறுத்துங்கள். அவர்களுள் ‘யாராவது கவலை தெரிவித்தார்களா’ என்ற கேள்விக்குப் பெண்பிள்ளைகளில் நூற்றுக்கு அறுபது பேரும் பையன்களில் நூற்றுக்கு இருபது பேரும் ‘ஆம்’ என்றால், அந்தக் கேள்வி போதையை மட்டுமல்ல, ஊரின் கண்காணிப்பையும் சேர்த்தே அளக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆண் பெண் சராசரிகளை ஒப்பிடுவது வீண்வேலை.

வயது ஒரு எண் அல்ல

வயதைக் கேட்பது மிகச் சுலபம், பிறந்த தேதி போதும் என்று தோன்றும். உண்மையில் ‘17 வயது’ என்ற ஒரு எண்ணுக்குள் பல கடிகாரங்கள் ஓடுகின்றன.

முதலாவது, மூளையின் கடிகாரம். ஜே கீட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் சகாக்களும் ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து 1999ல் வெளியிட்ட ஆய்விலிருந்து ஒன்று தெளிவானது: மூளையின் வளர்ச்சி கட்டிளமைப் பருவம் முழுவதும் தொடர்கிறது. திட்டமிடலையும் தன்னடக்கத்தையும் கவனிக்கும் முன்மூளைப் பகுதி இருபதுகளில்தான் முதிர்ச்சி அடைகிறது. இன்பத்தைத் தேடும் பகுதிகளோ அதற்கு முன்பே விழித்துக்கொள்கின்றன.

இரண்டாவது, பாவனையின் கடிகாரம். 17 வயதில் நிற்கும் இருவரில் ஒருவன் 13ல் தொடங்கியவன், மற்றவன் 16ல் தொடங்கியவன். முன்னவனுக்கு நான்கு ஆண்டுப் பழக்கம், பின்னவனுக்கு ஒன்று. வயது, தொடங்கிய வயது, பழக்கத்தின் நீளம் ஆகிய மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும். ஆகவே மூன்றினதும் விளைவையும் ஒரே சமன்பாட்டில் தனித்தனியாகப் பிரித்தெடுக்க எந்தக் கணினியாலும் முடியாது. ‘வயது கூடக் கூடத் தீவிரம் கூடுகிறது’ என்ற முடிவு பல வேளைகளில் ‘பழக்கம் நீள நீளத் தீவிரம் கூடுகிறது’ என்பதன் வேறு உருவந்தான்.

தொடங்கும் வயதுக்கு ஆய்வுலகில் பெரிய மதிப்பு உண்டு. 1997ல் அமெரிக்காவில் பிரிஜட் கிராண்ட், டெபோரா டோசன் இருவரும் 27,616 பேரின் தரவை ஆராய்ந்தார்கள். 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் வாழ்நாளில் எப்போதாவது மதுவுக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதிலோ அதன் பின்னரோ தொடங்கியவர்களில் அது ஏறத்தாழ 10 சதவீதம். இந்த இரண்டு எண்களும் உலகெங்கும் சுவரொட்டிகளில் ஏறின. தொடக்கத்தைத் தள்ளிப்போட்டால் அடிமைத்தனம் நான்கில் ஒன்றாகும் என்று பலரும் விளங்கிக்கொண்டார்கள்.

இரண்டு ஆண்டுகளில் கரோல் பிரஸ்கொட், கெனத் கென்ட்லர் என்ற இருவர் வேர்ஜீனியா மாநில இரட்டையர்களை ஆராய்ந்து எதிர்க்கேள்வி போட்டார்கள். முந்தித் தொடங்குவதும் அடிமையாவதும் ஒரே வேரிலிருந்து, அதாவது குடும்பத்தில் ஓடும் பொதுவான பலவீனத்திலிருந்து முளைக்கலாம் என்று அவர்களுடைய தரவு காட்டியது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று அவசரப்பட முடியாது.

வடக்கில் அந்தப் பொதுவான வேர் எங்கே இருக்கலாம் என்பதற்கு ஒரு குறிப்பு உண்டு. கிளாடியா கற்றானியும் சகாக்களும் வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் பேசி 2008ல் வெளியிட்ட ஆய்வில், தந்தையின் குடியும் குடும்பத்தின் போர் அனுபவமும் வீட்டு வன்முறையோடு பிணைந்திருந்தன. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை முந்தித் தொடங்கவும் கூடும், பின்னர் கூடுதலாகத் துன்பப்படவும் கூடும். தொடங்கிய வயதை மட்டும் கேட்டு வீட்டைக் கேட்காத வினாக்கொத்து, வீட்டின் பாரத்தையும் வயதின் கணக்கில் எழுதிவிடும்.

மூன்றாவது, வரலாற்றின் கடிகாரம். யாழ்ப்பாணத்தில் இது மற்ற ஊர்களைவிட வேகமாக ஓடுகிறது. 2009ல் 15 வயதானவர் 1994ல் பிறந்தவர். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் கைக்குழந்தை. குடாநாட்டுக்கான தரைவழியான ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மூடப்பட்டபோது 12 வயது. 2024ல் 15 வயதானவர் போர் முடிந்த ஆண்டில் பிறந்தவர். 2020ல் கொரோனாவால் பாடசாலைகள் மூடியபோது அவருக்கு 11 வயது. 2022 பொருளாதார நெருக்கடியில் 13. முன்னவரின் ஊருக்குள் பொருட்கள் வருவதே அரிது. பின்னவரின் ஊரில் கடல்வழி வந்த கேரள கஞ்சாவும், ‘ஐஸ்’ எனப்படும் மெதம்பெட்டமைனும், போதை மாத்திரைகளும் செய்தித்தாளின் அன்றாட விஷயம். இந்த இருவரின் 15 வயதும் ஒன்றா? போரின் வடு ஒரு தலைமுறையோடு நிற்காமல் குடும்பத்துக்குள்ளும் ஊருக்குள்ளும் தொடர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதிவந்திருக்கிறார். ஒரே நாளில் 13 முதல் 19 வரையான மாணவர்களைக் கேட்டுவிட்டு வயதுக் கோடு வரைந்தால், அந்தக் கோட்டில் வளர்ச்சியும் வரலாறும் பிரிக்கமுடியாமல் கலந்திருக்கும். பிரிக்க ஒரு வழி, அதே பிள்ளைகளைச் சில ஆண்டுகள் கழித்து மறுபடி கேட்பது.

பூச்சியங்களின் கூட்டம்

பாலின வேறுபாட்டுக்கு வருவோம். இலங்கையில் 2015ல் 18 முதல் 69 வயது வரையானோரிடம் நடந்த தேசிய ஆய்வில், ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் புகைத்தார்கள். பெண்களில் ஆயிரத்துக்கு ஒருவர். முந்தைய முப்பது நாளுக்குள் குடித்தவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 35 பேரளவில். பெண்களில் இருநூற்றுக்கு ஒருவர். ஆனால் மெல்லும் புகையிலையைக் கேட்டபோது பெண்களின் எண்ணிக்கை நூற்றுக்கு ஐந்தளவுக்கு ஏறியது. வெற்றிலைத் தட்டத்தோடு இருக்கும் அம்மம்மாமார் அங்கேதான் வருகிறார்கள். பெண் என்பதால் பொருள் ஒதுங்குவதில்லை. எந்தப் பொருள், எந்த வயதில், யார் முன்னால் என்பதை ஊர் தீர்மானிக்கிறது. ஐரோப்பாவின் பல நாடுகளில் 15, 16 வயதுப் பெண்பிள்ளைகளும் பையன்களும் குடிப்பதில் ஏறக்குறையச் சமமாகிவிட்டார்கள் என்பதை 1995 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாடசாலை ஆய்வு காட்டுகிறது.

இங்கே கணிதம் ஒரு பொறி வைக்கிறது. முழுக்கக் கற்பனையான ஒரு கணக்கைப் பாருங்கள். ஆயிரம் பையன்களில் 100 பேர் பாவிக்கிறார்கள். அவர்களின் சராசரிப் புள்ளி 9. ஆயிரம் பெண்பிள்ளைகளில் 10 பேர் பாவிக்கிறார்கள். அவர்களின் சராசரிப் புள்ளி 14. எல்லோரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பையன்களுக்கு 0.9, பெண்பிள்ளைகளுக்கு 0.14. ‘ஆண்களின் தீவிரம் ஆறு மடங்கு’ என்று ஒரு ஆய்வாளர் எழுதுவார். பாவிப்பவர்களை மட்டும் எடுத்த இன்னொருவர் ‘பெண்களின் தீவிரமே அதிகம்’ என்று எழுதுவார். இரண்டும் ஒரே தரவு.

தரவில் பெரும்பகுதி பூச்சியமாக இருக்கும்போது கேள்வியை இரண்டாக உடைக்கவேண்டும்: பாவிக்கிறாரா, இல்லையா, பாவித்தால் எவ்வளவு தீவிரம். பாலினம் முதற் கேள்வியில் பெரிய பங்கு வகிக்கலாம். இரண்டாவதில் அதன் பங்கு சிறிதாகவோ தலைகீழாகவோ இருக்கலாம். இரண்டையும் ஒரே சராசரிக்குள் அடைத்தால் இரண்டும் கெட்டுவிடும்.

அந்தப் பத்துப் பெண்பிள்ளைகளின் 14 எங்கிருந்து வந்தது? உடல் ஒரு காரணமாகலாம். ஒரே அளவு மதுவுக்குப் பெண்களின் இரத்தத்தில் அற்ககோல் செறிவு பொதுவாக ஆண்களைவிட உயரும். பெண்கள் தொடக்கத்திலிருந்து அடிமைநிலைக்கு விரைவாகச் செல்கிறார்கள் என்ற கருத்து சிகிச்சை நிலையங்களில் எடுத்த தரவுகளிலிருந்து நெடுங்காலம் நிலவியது. ஆனால் 2010ல் கத்ரின் கீஸும் சகாக்களும் அமெரிக்காவின் இரு தேசிய ஆய்வுகளில் பொதுமக்களிடையே தேடியபோது அந்த விரைவு காணப்படவில்லை. சிகிச்சைக்கு வந்து சேரும் பெண்கள் யார் என்பதில் விடை இருக்கக்கூடும்.

வைத்தியசாலைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்தால் இல்லாத தொடர்புகள் தோன்றும் என்பதை ஜோசப் பெர்க்சன் 1946லேயே கணக்கோடு காட்டிவிட்டார். யாழ்ப்பாணத்தில் ஒரு பையனை அப்பா கையைப் பிடித்து உளநலப் பிரிவுக்குக் கூட்டிவரக்கூடும். பெண்பிள்ளையைக் கூட்டிவருவதென்றால், நாளைக்குக் கலியாணம் பேசும்போது என்ன ஆகும் என்ற பயத்தைத் தாண்டவேண்டும். நிலைமை கைமீறிய பிறகே அந்தப் பயம் தோற்கும். ஆகவே மருத்துவமனைக் கோப்பில் இருக்கும் பெண்பிள்ளைகள் தீவிரமானவர்களாக இருப்பார்கள். இலேசானவர்கள் கோப்புக்கு வருவதேயில்லை.

வகுப்பறையில் இல்லாதவர்கள்

மருத்துவமனை வேண்டாம், பாடசாலைக்குப் போவோம் என்றால் அங்கேயும் ஒரு கதவு இருக்கிறது. 2016 முதல் இலங்கையில் கட்டாயக் கல்வி 16 வயது வரை. அதன்பிறகு விலகுவது பிள்ளையின், குடும்பத்தின் விருப்பம். குருநகரிலோ மயிலிட்டியிலோ கடலுக்குப் போன பையனும், மேசன் வேலைக்குப் போனவனும் உயர்தர வகுப்பின் வினாக்கொத்தில் இல்லை. பாவனையால் படிப்பு கெட்டவர்கள் விலகியவர்களிடையே கூடுதலாக இருப்பார்கள். இதனால் 17 வயதில் பையன்களின் தீவிரம் குறைவதுபோல் வரைபடம் காட்டும். யாரும் திருந்தவில்லை; கதிரை காலியாகிவிட்டது.

இருப்பவர்கள் உண்மை சொல்வார்களா? போதைப்பொருட்கள் தொடர்பான 2022ன் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி ஐந்து கிராமுக்கு மேல் ‘ஐஸ்’ வைத்திருந்தால் மரணதண்டனையோ ஆயுள் சிறையோ விதிக்கலாம். அப்படிப்பட்ட நாட்டில், சேர் கண்முன் நிற்க, எந்தப் பிள்ளை எழுதும்? சிலர் மறைப்பார்கள், சில பையன்கள் பெருமைக்குக் கூட்டிச் சொல்வார்கள். ஐரோப்பியப் பாடசாலை ஆய்வு இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தது. உலகில் இல்லாத ‘ரெலெவின்’ என்ற போதைப்பொருளைப் பட்டியலில் சேர்த்தார்கள். அதைப் பாவித்ததாகச் சொல்பவரின் மற்ற விடைகளையும் ஐயத்தோடு பார்க்கலாம்.

மறைப்பவர்களுக்கு வேறு மருந்து வேண்டும். 1965ல் ஸ்டான்லி வோனர் என்ற ஆய்வாளர் அதற்கு வழி திறந்தார். அதன் எளிய வடிவம் இது. ஒவ்வொரு மாணவரும் மறைவாக ஒரு நாணயத்தைச் சுண்டவேண்டும். தலை விழுந்தால் உண்மை எதுவானாலும் ‘ஆம்’ என்று எழுதவேண்டும். பூ விழுந்தால் உண்மையை எழுதவேண்டும். ‘ஆம்’ என்ற தாளைப் பார்த்து யாரையும் குற்றம் சொல்லமுடியாது. 400 பேரில் 230 பேர் ‘ஆம்’ என்றால், அதில் ஏறத்தாழ 200 நாணயத்தால் வந்தது. மிச்சம் 30, உண்மை சொல்ல வேண்டியிருந்த 200 பேரில் 15 சதவீதம். தனி ஆளின் இரகசியம் காப்பாற்றப்படுகிறது. வகுப்பின் உண்மை வெளிவருகிறது. வெட்கத்தின் பாரம் கூடுதலாக உள்ள பெண்பிள்ளைகளுக்கு இந்த மறைவு கூடுதலாக உதவும்.

விலையும் உண்டு. நேரடியாகக் கேட்பதன் துல்லியத்தை இந்த முறையில் பெற, மேலுள்ள உதாரணத்தில் ஏழரை மடங்குக்கும் அதிகமான மாணவர்கள் வேண்டும். தவிர, இது ‘ஆம், இல்லை’க்குத்தான் பொருந்தும், தீவிரத்தின் படிகளை இதனால் இலகுவாக அளக்கமுடியாது.

கைது எண்ணிக்கையை நம்பலாமா? தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை ஆண்டுதோறும் அவற்றைத் தொகுக்கிறது. ஆனால் 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான ‘யுக்திய’ பொலிஸ் நடவடிக்கை தொடங்கியதும் நாடெங்கும் கைதுகள் பெருகின. பிடிபடுபவர்கள் பெரும்பாலும் சந்தியில் நிற்கும் ஆண்கள். அந்த எண்கள் பொலிஸாரின் வேலையை அளக்கின்றன. பிள்ளைகளின் பாவனைக்கு அவை மங்கலான நிழல் மட்டுமே.

குடாநாட்டுக்கு ஓர் அளவுகோல்

ஆக, இங்கே வயதும் பாலினமும் பாவனையின் தீவிரத்தோடு எப்படிச் சேர்கின்றன என்று அளக்க விரும்புபவர் செய்யவேண்டியவை தெரிகின்றன. மாவா, கள்ளு, கசிப்பு, போதை மாத்திரை என்று பிள்ளைகள் சொல்லும் பெயர்களிலேயே கேட்கவேண்டும். கேள்விகளை முதலில் சிறு குழுக்களில் வாசிக்கவைத்து, என்ன விளங்கியது என்று விசாரிக்கவேண்டும். ஆண் பெண்ணுக்கும், 13க்கும் 17க்கும் ஒவ்வொரு கேள்வியும் ஒரேமாதிரித் தொழிற்படுகிறதா என்று சோதித்து, தேறாத கேள்வியை ஒப்பீட்டிலிருந்து விலக்கவேண்டும். வயதோடு தொடங்கிய வயதையும், வீட்டின் நிலையையும் எழுதவேண்டும். பாவனையையும் தீவிரத்தையும் தனித்தனியாகக் கணிக்கவேண்டும். பாடசாலையை விட்டவர்களை இறங்குதுறையிலும் வேலைத்தளத்திலும் தேடவேண்டும். அதே பிள்ளைகளிடம் மறுபடி போகவேண்டும். ஆசிரியர் வெளியே நிற்கவேண்டும். பெயர் தாளில் இருக்கக்கூடாது.

இவ்வளவும் செலவு பிடிக்கும். ஆனால் ஆலோசகரை எந்தப் பாடசாலையில் அமர்த்துவது, எந்த வகுப்பில் தொடங்குவது, பெண்பிள்ளைகள் பயமில்லாமல் வந்துபோக ஒரு தனி அறை வேண்டுமா என்பதையெல்லாம் கடைசியில் இந்த அட்டவணைகளைப் பார்த்துத்தான் அலுவலகங்கள் முடிவுசெய்கின்றன. பெண்பிள்ளைகளின் கட்டத்தில் பூச்சியம் விழுந்தால் அவர்களுக்கான அறையும் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். 17 வயதில் கோடு இறங்கினால், கடலுக்குப் போன பையனுக்கு உதவி தேவையில்லை என்றாகிவிடும். பூச்சியத்தையும் இறக்கத்தையும் நம்புவதற்கு முன், யாரிடம் கேட்டோம், எப்படிக் கேட்டோம், யாரைக் கேட்காமல் விட்டோம் என்ற மூன்றையும் அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவைப்பது ஆய்வாளரின் முதற் கடமை.